நள்ளிரவில் ஒரு கீழ்ப்படுக்கை

சென்னை எழும்பூரில் ரயில் ஏறுபவருக்கும் விழுப்புரத்தில் ஏறுபவருக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. எழும்பூரில் ஏறுகிறவர் விளக்கு வெளிச்சத்தில், எல்லோரும் விழித்திருக்கையில், "எனக்கு மேலே ஏற முடியாது, உங்கள் இடத்தைத் தர முடியுமா?" என்று கேட்கலாம். அதே தென்மாவட்ட ரயில் விழுப்புரத்தை அடையும்போது நள்ளிரவாகியிருக்கும். விளக்குகள் அணைந்து, நடுப்படுக்கைகள் தூக்கி மாட்டப்பட்டு, பெட்டி முழுவதும் உறக்கத்தில் இருக்கும். அங்கே இடம் கேட்பதென்றால் முதலில் ஒருவரைத் தொட்டு எழுப்ப வேண்டும்.

என் தாயார் எழுபதைக் கடந்தவர். திண்டிவனத்திலிருந்து பேருந்தில் விழுப்புரம் வந்து, மதுரைக்கு ரயில் ஏறினோம். நால்வருக்கும் ஒரே சீட்டு. கிடைத்தவை எல்லாம் நடுவும் மேலுமே. பயணச்சீட்டுப் பரிசோதகரைத் தேடினேன், அகப்படவில்லை. கீழே உறங்கிக்கொண்டிருந்த இளைஞரை எழுப்பப் போனபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்டா, பாவம், அசந்து தூங்குது அந்தப் புள்ள." பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் படுத்திருந்த ஒரு பெண்மணி பேச்சுக்குரல் கேட்டு விழித்து, கால்களை மடக்கிக்கொண்டு இடம் விட்டார். அந்த ஓரத்தில் உட்கார்ந்தபடியே அம்மா மதுரை வரை வந்து சேர்ந்தார்.

பிழை என்னுடையதும்தான் என்று பிறகு தெரிந்தது. அறுபது வயது நிறைந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டி ஒன்றுக்கு ஆறோ ஏழோ இடங்கள். ஆனால் அது தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவருடனோ செல்பவருக்கு மட்டுமே. மகனும் பேத்தியும் உடன் வந்தால் அந்த ஒதுக்கீடு கணக்கில் வராது. துணையோடு போகும் முதியவரைத் துணையே மேலே ஏற்றிவிடும் என்று விதியை எழுதியவர்கள் எண்ணினார்கள் போலும்.

எண்பது படுக்கைகள் கொண்ட புதிய வகைப் பெட்டியில் பக்கவாட்டையும் சேர்த்துக் கீழ்ப்படுக்கைகள் முப்பதுதான். மீதி ஐம்பது பேர் ஏறித்தான் ஆகவேண்டும். ஆகவே யாரோ ஒருவர் கேட்பதும் யாரோ ஒருவர் கொடுப்பதும் தவிர்க்க முடியாதவை. என் கேள்வி, யாரிடம் கேட்பது என்பதே.

உல்லாசக் கப்பலில் ஏறும்போது அறை பிடிக்கவில்லையென்றால் வரவேற்பு மேசையில் போய் வேறு அறை கேட்கிறார்கள். காலியாக இருந்தால், கூடுதல் பணம் வாங்கிக்கொண்டோ வாங்காமலோ கொடுப்பார்கள். இல்லையென்றால் இல்லை என்பார்கள். அந்தக் கோரிக்கை நிறுவனத்திடம் வைக்கப்படுகிறது. பக்கத்து அறைக் கதவைத் தட்டி, "நீங்கள் வெளியே வருகிறீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை. நம் ரயிலில் அதைத்தான் செய்கிறோம். நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை சக பயணியின் இரக்கத்தின் மீது சுமத்தப்பட்டிருக்கிறது.

இதில் இருவருக்குமே அநீதி. கேட்பவர் கூசிக் குறுகுகிறார். மறுப்பவரோ கல்நெஞ்சர் என்று பெயர் வாங்குகிறார். அந்த இளைஞருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருக்கலாம். அதற்காகவே வெகுநாள் முன்பே கீழ்ப்படுக்கை பார்த்து அவர் பதிவு செய்திருக்கலாம். நோயைச் சட்டையைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் ஒருவர் தன் இடத்தில் படுத்திருக்க முடியும் என்பது என்ன நியாயம்? இளையவர்கள் தாமாகவே எழுந்து இடம் தர வேண்டும் என்று உபதேசிப்பது எளிது. உறங்குகிறவருக்கு அந்த உபதேசம் கேட்காது.

தீர்வு அப்படியொன்றும் கடினமில்லை என்றே நினைக்கிறேன். காலியாகும் கீழ்ப்படுக்கையை, மேல்படுக்கை கிடைத்த முதியவருக்கு மாற்றிக் கொடுக்கப் பரிசோதகருக்கு ஏற்கெனவே அதிகாரம் உண்டு. பல ரயில்களில் அவர் கையில் இப்போது காகிதப் பட்டியலுக்குப் பதிலாக மின்னணுக் கருவி இருக்கிறது. விழுப்புரத்தில் ஏறப்போகிறவரின் வயதும் படுக்கை எண்ணும் எழும்பூரிலேயே அதில் தெரியும். செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள், எல்லோரும் விழித்திருக்கும்போதே, "விழுப்புரத்தில் ஒரு வயதான அம்மா ஏறுகிறார், யாராவது மாற்றிக்கொள்ள முடியுமா?" என்று அவர் கேட்டால் போதும். பத்துப் பேரில் ஒருவராவது சம்மதிப்பார். சம்மதிக்காத ஒன்பது பேரும் குற்ற உணர்வின்றி உறங்கலாம்.

குடும்பத்தோடு செல்லும் முதியவருக்கும் ஒதுக்கீட்டில் இடம் தரும்படி விதியைத் திருத்துவது இன்னும் நல்லது. அதுவரை, நால்வராகப் போனாலும் பெற்றோருக்குத் தனிச்சீட்டு எடுங்கள். நான் இப்போது அப்படித்தான் எடுக்கிறேன். அம்மா வேறு பெட்டிக்குப் போய்விடுவாரோ என்ற கவலை ஒவ்வொரு முறையும் இருக்கிறது. படுத்துக்கொண்டாவது போவாரே என்று தேற்றிக்கொள்கிறேன்.