சுவரில் ஏறிய மொழியும் நாவில் ஏறிய மொழியும்

வட அயர்லாந்தின் தலைநகராகிய பெல்பாசுட்டு, சுவர்களால் பிளவுண்ட நகரம். பிரித்தானிய முடியாட்சியோடு இணைந்திருக்க விழையும் சீர்திருத்தக் கிறித்தவரும், அயர்லாந்து முழுதும் ஒரே நாடாதல் வேண்டும் என்னும் கத்தோலிக்கரும் ஆண்டுப் பெரும்பாலும் தனித்தனித் தெருக்களில் வாழ்கின்றனர். 1969-இல் கலகம் மூண்டபின் அவர்களிடையே எழுந்த தடுப்புச் சுவர்கள், 1998-ஆம் ஆண்டின் அமைதி உடன்பாட்டுக்குப் பின்னும் பல இடங்களில் நிற்கின்றன.

அந்நகரில் வீட்டுச் சுவர்களும் அரசியல் பேசும். 1690-இல் பாயின் ஆற்றங்கரைப் போரில் வென்ற மூன்றாம் வில்லியம் மன்னனை ஒருசாரார் குதிரைமேல் தீட்டினர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவ்வழக்கம் தோன்றிவிட்டது. மறுசாராரின் ஓவியங்களோ, 1981-இல் சிறையில் உண்ணாநோன்பிருந்து பதின்மர் உயிர்நீத்த காலத்தில்தான் பெருகின. 66 நாள் உண்ணாதிருந்து மாண்ட பாபி சாண்ட்சின் முறுவல் பூத்த முகம் பால்சு சாலையருகே இன்றும் காட்சி தருகின்றது.

படத்தினும் கூர்ந்து நோக்கத்தக்கது எழுத்து. 'நம் நாள் வரும்' என்னும் முழக்கத்தை அவர்கள் ஐரிய மொழியில் எழுதினர். ஆங்கிலமல்லாத மொழியில் தெருப்பெயர்ப் பலகை நாட்டலாகாது என 1949-இல் இயற்றிய சட்டம், 1995 வரை நீங்கவில்லை. பலகையில் நுழையவொட்டாது தடுக்கப்பட்ட மொழி, சுவரில் ஏறி அமர்ந்தது! வாய்ப்பூட்டிடும் ஆட்சிக்கு மக்கள் தரும் விடை அதுவன்றோ?

ஆயினும், சுவரெழுத்தே மொழியைக் காத்துவிடும் என எண்ணுவது பேதைமை. வண்ணம் மழையில் வெளுக்கும். அதன்மேல் பிறர் வேறொன்று தீட்டுவர். படிக்கத் தெரியாதவனுக்குத் தன் முன்னோர் மொழியும் வெறுங்கோலமே.

இதனை உணர்ந்தோர் அந்நகரிலேயே இருந்தனர். ஐரியம் பேசும் குடும்பங்கள் சில, நகரின் மேற்கே தமக்கென வீடுகள் கட்டிக் குடியேறின. 1971-இல் அவர்களே ஒரு தொடக்கப்பள்ளி திறந்தனர். மாணவர் ஒன்பதின்மர், அரசின் ஏற்பில்லை, பொருளுதவியும் இல்லை. 1984-இல்தான் அரசு அப்பள்ளியை ஏற்றது. சிறைப்பட்டோரும் ஓர் அறையினின்று மறு அறைக்குக் கூவிக் கூவியே மொழி பயின்றனர். இன்று வட அயர்லாந்தில் ஐரிய வழியில் பயிலும் பிள்ளைகள் பல்லாயிரவர். 2022-இல் அம்மொழிக்கு அரசேற்பு வழங்கும் சட்டமும் பிறந்தது.

சுவர் உரிமை கேட்கும். அவ்வுரிமையை ஆளவேண்டியது நா. முழக்கத்தை எழுதியவன் வீடு திரும்பித் தன் பிள்ளையோடு ஆண்டவன் மொழியிலன்றி ஆள வந்தவன் மொழியிலேயே பேசுவானாயின், அவன் சுவரில் தீட்டியது கல்லறை எழுத்தேயன்றி வேறன்று.