ஆயா பகல் முழுக்க தூங்குதா? ‘வயசாயிடுச்சு’ன்னு விட்டுடாதீங்க!

வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்குகிற நம்மில் பலர் வீட்டில், 80 தாண்டிய ஆயாவோ தாத்தாவோ இருப்பாங்க. “ஆயா எங்கம்மா?” என்றால், “தூங்குது. வயசாயிடுச்சுல்ல.” மறுநாள் மதியம் கேட்டாலும் அதே பதில்தான்.

அந்தப் பதில்தான் ஆபத்து என்கிறேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவதில் தப்பில்லை. ஆனால், போன மாசம் வரை திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போறவங்களை எல்லாம் விசாரித்த ஆயா, இப்போ சோத்துத் தட்டு முன்னாடியே கண் சொருகினால், அதை வயசுக் கணக்கில் எழுத முடியாது. 2025-ல் ‘நியூராலஜி’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, சுமார் 83 வதுள்ள 733 பெண்களை 5 ஆண்டுகள் கவனித்தது. தூக்கம் சீராக இருந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா வந்தது. பகலும் இரவும் தூக்கம் கூடிக்கொண்டே போனவர்களில் 19 சதவீதம். தூக்கம்தான் காரணம் என்று ஆய்வு சொல்லவில்லை. அது முன்கூட்டியே அடிக்கும் மணியாக இருக்கலாம்.

இரண்டு மூன்று நாளில் திடீரென மந்தமானால் கதையே வேறு. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பார்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவது, சுகர் இறங்குவது, வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் விடுவது, எப்போதோ கீழே விழுந்ததில் தலைக்குள் ரத்தம் கசிவது என எதுவும் காரணமாகலாம். ரொம்ப வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவைதான், நேரத்தோடு போனால். ‘காலைல பார்த்துக்கலாம்’ வேண்டாம், 108-ஐ கூப்பிடுங்க. ஹைவே மேலேயே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு.

மாத்திரைப் பையையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கும் சளி மாத்திரை பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் ‘பியர்ஸ்’ பட்டியலில் அதுவும் ஒன்று.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறார்கள். நல்ல விஷயம். கூடவே, “பகல்ல போன மாசம் மாதிரி முழிச்சிருக்காங்களா?” என்ற ஒரு கேள்வியும் கட்டாயமாக வேண்டும். மெஷின் தேவையில்லை, செலவும் இல்லை.

நாம ஊருக்குப் போன் பண்ணும்போது “ஆயா சாப்பிட்டுச்சா?” என்பதோடு வைத்துவிடுகிறோம். போனை ஆயா கையில் கொடுக்கச் சொல்லுங்க.