நேரத்தைத் திருட முடியுமா?



கரண்டைக் கொக்கி போட்டுத் திருடுவார்கள், பார்த்திருக்கிறோம். நேரத்தைத் திருட முடியுமா? முடியும். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ஃப்ரீஸ் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் அதைக் காட்டிவிட்டார்கள். ஜி.பி.எஸ். போலவே ஒரு போலி சிக்னலைக் கொடுத்து, மின் தொகுப்பை அளக்கும் பி.எம்.யூ. கருவியின் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள். கருவி அப்படியே நம்பியது.

"கடிகாரத்துக்கும் கரண்டுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று எங்க அம்மா கேட்டாங்க. எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அதனால் இந்த மாதிரி கேள்வியெல்லாம் என்கிட்டதான் வரும். "ஒரே உரலில் ரெண்டு பேர் மாத்தி மாத்தி உலக்கை போடுறீங்களே, தாளம் தப்பினா என்னாகும்?" என்றேன். ஜெனரேட்டர்களும் அப்படித்தான். அந்தத் தாளம் தப்புகிறதா என்று பல ஊர் சப்ஸ்டேஷன்களில் ஒரே கணத்தில் பார்ப்பதுதான் பி.எம்.யூ. வேலை. நம்ம 50 ஹெர்ட்ஸில் கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் 0.018 டிகிரிதான். ஒரு மில்லி நொடி பிசகினால் 18 டிகிரி! லைன் நன்றாக இருக்கும்போதே கோளாறு என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதை நம்பி பிரேக்கரைத் திறந்தால்?

சிக்னல் வருவதோ 20,200 கி.மீ. உயரத்திலிருந்து. கீழே வரும்போது உயிரே இருக்காது. அதன் அமைப்பும் ஊரறிந்த ரகசியம். பக்கத்தில் நின்று கத்துகிறவன் குரல்தான் எடுபடும்.

2003 ஆகஸ்ட் 14-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் தவித்தார்கள். அதில் போலி சிக்னல் எதுவும் கிடையாது. ஆனால் பதிவுக் கருவிகள் பலவற்றின் கடிகாரங்கள் ஒத்துப்போகாததால், எது முதலில் விழுந்தது என்று கண்டுபிடிக்கவே விசாரணைக் குழு திண்டாடியது. நம்ம தென்னக மின் தொகுப்பும் 2013 டிசம்பர் 31-ல் வடக்கோடு இணைந்துவிட்டது. இனி ஓரிடத்துத் தவறு ஓரிடத்தோடு நிற்காது.

"நம்ம நாவிக் இருக்கே" என்பார்கள். பெருமைதான். ஆனால் அதன் முதல் செயற்கைக்கோளில் மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாகின. ஒரே சாட்சியை நம்பக்கூடாது என்பது என் கட்சி. சப்ஸ்டேஷனில் ஒரு ருபீடியம் கடிகாரம் இருக்கட்டும். வானத்து நேரம் திடீரென்று தாவினால் அது காட்டிக்கொடுக்கும். மெல்ல நகர்த்தினால் அதையும் ஏமாற்றலாம். அதற்குத்தான் டவர் உச்சியில் போகும் எர்த் ஒயருக்குள்ளேயே ஃபைபர் ஓடுகிறதே, அதன் வழியாகவும் நேரத்தை அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கலாம். செலவாகும்தான். இருட்டுக்குச் செலவு இல்லையா?

எங்க பாடத்தில் ரிலே இருக்கு, சி.டி., பி.டி. இருக்கு. நேரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி இல்லை. நாளைக்குக் கண்ட்ரோல் ரூம் மாடியில் அந்த ஆன்டெனாவைப் பொருத்தப் போவது நாமதான். இதற்கு ஒரு நாள் வகுப்பு கேட்டு நம் சங்கம் மனு எழுதட்டும். முதல் கையெழுத்து என்னுடையது.