அறை கட்டலாம், மூடியை மறைக்கலாமா?

ஓசூரில் சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வருபவர்கள் பெருகப் பெருக, வீட்டின் பின்னால் விட்டிருந்த சந்திலும் ஓர் அறை எழுப்பி வாடகைக்கு விடுகிறார்கள். சம்பாதிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால், கழிவுநீர்க் குழாயும் செப்டிக் டேங்க்கும் இருப்பதே அந்தச் சந்தில்தானே! குழாய் மேலேயே சுவர், மூடி மேலே டைல்ஸ்.

சுவரின் பாரத்தில் குழாய் இறங்கி இணைப்பு விட்டுப்போனால், கசிவு பக்கத்து வீட்டு போர் தண்ணீரையும் கெடுக்கும். அடைத்துக்கொண்டால் மூங்கில் பிளாச்சு விட வழியில்லை. கழிவுநீர் லாரியின் ஹோஸும் நுழையாது. குடிவந்த பெண்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சமைக்கணும்! கடைசியில் தரையை உடைத்து, யாராவது ஏழையைக் கூப்பிட்டு உள்ளே இறக்குவார்கள். தேங்கிய விஷவாயு நிமிஷத்தில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013ம் ஆண்டு சட்டம் தடை செய்திருக்கிறது. இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டுமென 2023ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் வரும், ஆள் வருவாரா?

மேஸ்திரி நூல் கட்டும் அன்றே, 'டேங்க் மூடி எங்கே வருது?' என்று வீட்டுப் பெண்கள் கேளுங்கள். அறை இரண்டடி குறைந்தால் குறையட்டும். மூடி வெளியே தெரியணும்.

- ஒரு வாசகி, ஓசூர்.