வட்டியில் 10 வீதம் ஏன் போக வேண்டும்?



எங்கள் தோட்டங்களில் ஓய்வு பெறுவோர், ஊழியர் சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் வங்கியில் நிலையான வைப்பில் போட்டு, அந்த வட்டியில்தான் மருந்துச் செலவைச் சமாளிக்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இந்த வட்டியில் பிடிக்கப்படும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகிவிட்டது. 80,000 ரூபாய் வட்டி வந்தால் 8,000 ரூபாய் கழிந்துவிடும். கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது!

ஆனால் வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் இந்த வரி பிடிக்கப்படாது. தோட்டத்தில் ஏறக்குறைய எல்லோருமே இதில் அடங்குவர். சிலருக்கு விஷயமே தெரியாது. சிலர் ஒரு வங்கியில் கொடுத்துவிட்டு மற்ற வங்கியை மறந்துவிடுகிறார்கள். ஒரு தடவை கொடுத்தால் போதும் என்றிருப்பதும் தவறு. ஏப்ரலில் புதிய வரி ஆண்டு பிறந்ததும் மீண்டும் கொடுக்க வேண்டும். படிவத்துக்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கமும் (டின்) தேவை. அதைப் பெறப் பதிவு செய்வதற்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கட்டணம் எதுவும் அறவிடுவதில்லை. ஏற்கெனவே பிடித்த வரியையும் திணைக்களத்திடம் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம்.

எழுதப் படிக்கச் சிரமப்படும் முதியவர்களை வங்கிக்கு அலைய விடுவது நியாயமில்லை. வங்கிகள் தமிழ்ப் படிவங்களோடு தோட்டங்களுக்கே வந்து நிரப்பிக் கொடுக்க வேண்டும். நிலையான வைப்பு தொடங்கும் அன்றே, கேட்காமலே, இந்தப் படிவத்தையும் கையில் கொடுக்க வேண்டும்.

வாசகர்,
புளத்கொகுபிட்டிய