சர்ட்டிபிகேட் கையில் இருக்கு. சரக்கு வாங்க ஆள் எங்கே?

தூத்துக்குடி மாநகராட்சியின் வடக்கு எல்லையை ஒட்டி இருக்கிறது மாப்பிள்ளையூரணி. பெயருக்குத்தான் ஊராட்சி. ஜனத்தொகையில் பல பேரூராட்சிகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்!

உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் வாழும் பகுதி. இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று காலேஜும், பாலிடெக்னிக்கும், ஐ.டி.ஐ.யும் முடித்துவிட்டு நிற்கிறார்கள்.

"என்ன தம்பி, என்ன பார்க்க?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன் அண்ணாச்சி" என்று பதில் வருகிறது.

துறைமுகம் இருக்கிறது. அனல் மின் நிலையம் இருக்கிறது. 2025–ம் ஆண்டு ஆகஸ்டு 4–ந் தேதி வின்பாஸ்ட் கார் தொழிற்சாலையும் திறந்தாகிவிட்டது. ஆனால் எத்தனை தொழிற்சாலை வந்தாலும் வீட்டுக்கு ஒரு வேலை கிடைக்குமா? கிடைக்காது.

அதனால் "வேலை தேடாதே, வேலை கொடு!" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். தொழில் முனைவோர் பயிற்சி என்று ஹாலில் உட்கார வைக்கிறார்கள். காலையில் சொற்பொழிவு, மதியம் சாப்பாடு, கடைசி நாள் சர்ட்டிபிகேட், குரூப் போட்டோ. மறுநாள்?

மறுநாள் அந்த வாலிபர் மீண்டும் டீக்கடை பெஞ்சில்!

மாமா கடை

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு வியாபாரம் கற்றுக்கொடுக்க ஹால் தேவைப்பட்டது இல்லை. பையனை மாமா கடையில் கொண்டு போய் விடுவார்கள். முதலில் பொட்டலம் மடிக்கணும். பிறகு தராசு. பிறகு பாக்கி வசூல். நம்பிக்கை வந்த பிறகுதான் கல்லாவில் கை வைக்க விடுவார்கள். கொள்முதலுக்குக் கூட்டிப் போவார்கள். சில வருஷம் கழித்து மாமாவே கடனுக்கு சரக்கு கொடுத்து, வேறு ஊரில் தனிக்கடை வைத்துக் கொடுப்பார்.

வியாபாரிகள் மகமை எடுத்து வைத்தார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1921–ம் ஆண்டு தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள். அதுதான் 1962–ம் ஆண்டு தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. இன்றும் தலைமை அலுவலகம் தூத்துக்குடிதான்.

அந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பையன் கடைக்குப் போனான். அடி, திட்டு எல்லாம் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கடையில் இடம் கிடையாது. மாமா இல்லாதவனுக்கு கடையும் கிடையாது.

உப்பளத் தொழிலாளியின் மகனுக்கு எந்த மாமா கடை வைத்திருக்கிறார்? அரசாங்கப் பயிற்சி வரவேண்டிய இடம் இதுதான். மாமா செய்த வேலையை அது செய்யணும். மாமா சொற்பொழிவா ஆற்றினார்? சரக்கு கொடுத்தார், வாடிக்கையைக் காட்டினார், கணக்கு தப்பினால் காதைத் திருகினார்!

காக்கிநாடா சங்கதி

1964–ம் ஆண்டு வாக்கில் டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஆந்திராவில் காக்கிநாடாக்காரர்களுக்கு, ஐதராபாத்தில் இருந்த ஒரு நிறுவனத்தின் மூலம், "சாதிக்கும் ஆர்வம்" பற்றி பயிற்சி கொடுத்தார். பயிற்சிக்குப் பிறகு அவர்கள் மற்றவர்களைவிட சுறுசுறுப்பாகத் தொழிலை வளர்த்தார்கள். உலகமே இதைப் பேசியது.

ஒரு விஷயத்தை மட்டும் பலர் மறந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே தொழிலில் இருந்தவர்கள்! ஓடுகிற வண்டிக்கு எண்ணெய் போட்டார் பேராசிரியர். வண்டியே இல்லாதவனுக்கு எண்ணெய் டின்னை மட்டும் கொடுத்தால் என்ன செய்வான்?

கர்நாடகத்தில் தர்மஸ்தலா பக்கம் உஜிரே என்ற ஊர். அங்கே 1982–ம் ஆண்டு தர்மஸ்தலா அறக்கட்டளையும், சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கின. தங்க இடம், சாப்பாடு எல்லாம் இலவசம். பயிற்சி முடிந்ததும் கைகழுவுவது கிடையாது. 2 வருஷம் பின்னாலேயே போய், "கடை திறந்தியா? லோன் வந்துதா? கணக்கு எங்கே?" என்று கேட்பார்கள். இதைப் பார்த்துத்தான் மாவட்டத்துக்கு ஒரு நிலையம் வங்கிகள் மூலம் வந்தது.

அந்த 2 வருஷம்தான் மருந்து. அதை வெட்டிவிட்டு மீதியை நடத்தினால் போட்டோ மட்டும்தான் மிஞ்சும்.

பத்து லட்சம் கணக்கு

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008–ம் ஆண்டு தொடங்கியது. அதன் விதிப்படி 10 லட்சம் ரூபாய் தொழில் என்றால், பொதுப்பிரிவினர் கையில் இருந்து 1 லட்சம் போடணும். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர் போன்றவர்கள் 50 ஆயிரம் போடணும். ஊராட்சிப் பகுதியில் மானியம் 25 முதல் 35 சதவீதம். ஆனால் மானியம் கையில் வராது. 3 வருஷம் வங்கியிலேயே கிடக்கும்.

அந்த 50 ஆயிரம் எங்கே இருந்து வரும்? அம்மா கழுத்தில் இருந்துதான் வரும்! அடகு வைத்த நகையை மீட்பதற்குள் தொழில் படுத்துவிட்டால், அந்தத் தெருவில் இன்னொரு தாய் சங்கிலியைக் கழற்றுவாளா?

அதனால் முதல் பாடமே நஷ்டக் கணக்காக இருக்கணும். 2023–ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழை உப்பளத்தையும், குடோனையும், பட்டறையையும் சேர்த்து மூழ்கடித்தது. இன்சூரன்ஸ் என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரனுக்கு வேறு உதாரணமா வேண்டும்?

இன்னொரு உதாரணமும் இருக்கிறது. 1906–ம் ஆண்டு வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். 10 லட்சம் ரூபாய் மூலதனம். 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்கு. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் ஓசிப் பயணம், கூடவே குடையும் கொடுத்தது என்பார்கள்! 1908–ல் வ.உ.சி. ஜெயிலுக்குப் போனார். 1911–ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

செக்கிழுத்ததை எல்லாப் பிள்ளையும் படிக்கிறது. பெரிய கம்பெனி விலையைக் குறைத்து அடித்தால் சின்னக் கம்பெனி எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்ற பாடத்தை யாரும் நடத்துவதில்லை. அதுவும் தூத்துக்குடியில்!

யார் வாங்குவது?

சரக்கு செய்யக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது. வடக்கே வேப்பலோடையில் 1973–ம் ஆண்டே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சிப்பியில் முத்து விளைவித்துக் காட்டினார்கள். கடலில் முத்துக்குளிப்பு 1961–ம் ஆண்டோடு நின்றுபோன கரையில் இது பெரிய சாதனை. ஆனாலும் வளர்ப்பு முத்து இந்தக் கரை வாலிபர்களுக்குப் பிழைப்பாக மாறவில்லை.

மத்திய அரசுத் துறைகளும், பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்கணும் என்று 2018–ம் ஆண்டு உத்தரவு வந்தது. "ஜெம்" என்ற ஆன்லைன் சந்தையில் அரசாங்கமே சரக்கு கேட்கிறது. யூனிபார்ம், துடைப்பம், பர்னிச்சர், ரிப்பேர் வேலை என்று என்னென்னவோ கேட்கிறது. அதில் எப்படிப் பதிவது, விலை எப்படிப் போடுவது, பில் பணம் தாமதமானால் எங்கே மனு கொடுப்பது? பயிற்சி ஹாலில் உட்கார்ந்தே செய்து காட்டலாம். முதல் ஆர்டர் கையில் வந்த பிறகு சர்ட்டிபிகேட் கொடுக்கலாம்.

நேரமும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் உப்பள வேலை கிடையாது. அந்த 3 மாதத்தில், மாப்பிள்ளையூரணிக்குள்ளேயே பயிற்சியை வைக்கட்டும். பயிற்சி கொடுக்க ஓய்வுபெற்ற அதிகாரிகளோடு, கீழூர் பஜாரில் இருந்து இரண்டு அண்ணாச்சிகளையும் கூப்பிடட்டும்.