கேஸ் தீருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அக்கினி நட்சத்திரத்தின் உக்கிரம் தணியாத ஒரு மத்தியானத்தில், வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் குடும்ப சமேதனாய்ப் பிரயாணப்பட்ட நான், கண்ணமங்கலம் தாண்டுமுன்னரே எங்கள் காரின் ஏ.சி. குளிர்ச்சியைக் கைவிட்டு அனற்காற்றை வீசத் தொடங்கியதனால் பட்ட அவஸ்தையை விஸ்தரிப்பதற்காக அன்று, அதன்பின் அறிந்துகொண்ட ஒரு விஷயத்தைச் சக வாசகர்களுக்குத் தெரிவிக்கும் பொருட்டே இதனை எழுதலானேன். (அன்று எங்களைக் காத்தது என் தாயார் பிடிவாதமாய்க் கொண்டுவந்த பனையோலை விசிறியே.)

சென்ற மூன்று கோடைகளிலும் பட்டறைக்காரர், "ஏ.சி. கேஸ் தீர்ந்துவிட்டது" என்று சொல்லி நிரப்பியனுப்ப, பெட்ரோலைப்போல அதுவும் செலவாகும் வஸ்து என்று நம்பி நானும் பணம் கொடுத்துவந்தேன். உண்மையில் அவ்வாயு, மூடிய குழாய்களுக்குள்ளேயே திரவமாகியும் மீண்டும் ஆவியாகியும் சுழன்றுகொண்டிருப்பதேயன்றி எரிந்து தீர்வதன்று. ஆண்டுதோறும் குறைகிறதெனில் எங்கோ கசிவு உண்டு. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கொப்பாகும். ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்சரில் புழுதி படிந்தாலும் குளிர்ச்சி குன்றும். அதற்கு நிதானமாய்த் தண்ணீர் விட்டுக் கழுவுவதே பெரும்பாலும் போதுமானது.

ஆகவே அன்பர்கள், கேஸ் நிரப்பச் சம்மதிக்குமுன் கசிவைச் சோதித்துக் காட்டும்படி தயவுசெய்து வற்புறுத்துவார்களாக.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வேலூர்.